விதை எடுத்த திராட்சை

— இந்த வராண்டாவுல ஒண்ணு நீ இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். ரெண்டு பேரும் சேந்து நிக்க இது ஒண்ணும் கல்யாண வீடு இல்ல.

— ஒரே ஒரு வார்த்தைக்கா. பேசிட்டுப் போயிருறேன்.

— ஒன்கூட எனக்கென்னடி வார்த்தை, ஈஸ்வரி? உள்ள எம் புருசன் மூஞ்சியில மூடியப் போட்டுக்கிட்டு மூச்சுக்கு மல்லுக்கட்டிக்கிட்டுக் கெடக்காரு. ஒன் புருசன் கர்ணன் ஊத்துன களைமருந்து அவரு நெஞ்சுக்குள்ள நின்னு வேகுது. அதைப் பாக்கத்தான வந்த? இந்தா, கண்ணாடி வழியா நல்லாப் பாரு. பாத்துட்டுப் போய் அந்தக் கர்ணன்கிட்டச் சொல்லு, கூடப்பொறந்தவரு எப்படித் துடிக்கிறாருன்னு.

— எங்கன போய்ச் சொல்ல? நேத்து மத்தியானம் அவுகளை ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போனாக. ராத்திரிக்குள்ள விட்டுருவோம்னாக, விடல. இன்னைக்குக் காலையில போய்க் கேட்டா, “செல்லப்பாண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா கேசு வேற மாதிரிப் போயிரும்மா, போய் அண்ணன் சம்சாரத்தைப் பாரு”ங்கிறாக.

— அப்ப பயந்துதான் வந்திருக்க. மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம்?

— கனம் ஒண்ணும் இல்லக்கா. அவுக ஊத்தல. சத்தியமா ஊத்தல.

— நான் பாத்தேன்டி! இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். மருந்தடிக்கிற அன்னைக்கு, நான் கஞ்சிச் சட்டியோட திராட்சைப் பந்தலுக்குள்ள குனிஞ்சு நுழையிறேன். எங்க குடிதண்ணி கேன்கிட்ட ஒன் புருசன். ஊத்திக்கிட்டு நிக்கிறான். எஞ் சத்தம் கேட்டதும் கம்பி வேலியக் குனிஞ்சு தாண்டி ஓடுறான். ரெண்டு வருசமா எங்க வரப்புல கால் வைக்காத பயலுக்கு எங்க தண்ணி கேன்கிட்ட என்ன சோலி? சொல்லு பாப்போம். மறுநாளே இவருக்குக் காச்சல்.

— அவுகளை நீங்கதானக்கா வளத்தீக.

— அதத்தான் நானும் சொல்றேன். நான் வாக்கப்பட்டு வந்தப்ப அவனுக்கு ஏழு வயசு. மூக்கு ஒழுகிக்கிட்டு என் முந்தானையப் பிடிச்சிக்கிட்டே திரிவான். நான் குளிப்பாட்டி, நான் சோறு பிசைஞ்சு குடுத்து, சுருளிப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிட்டுப் போயி விட்டவன். பாம்புக்குப் பால் வாத்திருக்கேன்னு இப்பத்தான தெரியுது. அது என்னடி கையில ஃபைலு? வக்கீல் பேப்பரா? அதுக்குள்ள வக்கீலும் பிடிச்சாச்சா?

— வக்கீல் பேப்பர் இல்லக்கா. இது வேற. இன்னைக்குக் கலெக்டர் ஆபீசுல ஒரு கேம்ப். அதுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன். அதுக்குத்தான் போக முடியாமப் போச்சே.

— புருசன் ஸ்டேசன்ல இருக்கான், இவ கேம்ப்புக்குப் பொறப்பட்டிருக்கா.

— டாக்டரு என்ன சொல்றாகக்கா?

— ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

— ஏசுங்க. நல்லா ஏசிக்கங்க. ஆனா சொல்லுங்க. கண்ணாடி வழியாப் பாத்தேன். பெரியவுக இப்படி எலும்பாக் கெடக்காகளே, என்னக்கா சொல்றாக?

— என்னத்தச் சொல்றாக! கம்பத்துல பத்து நாளு காச்சல்னு ஊசி போட்டாக. டெங்கு இல்லன்னு ஒரு பேப்பரு, கொரோனா இல்லன்னு ஒரு பேப்பரு, டிபி இல்லன்னு ஒரு பேப்பரு. என்னதான்யா இருக்குன்னு கேட்டா ஆளுக்கு ஆளு முழிக்கிறாக. சின்னச் சீக்கு கூட இல்லாத மனுசன்டி. சக்கரை இல்ல, பிரசர் இல்ல, பீடி சிகரெட்டு கிடையாது. அம்பது கிலோ உர மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டுப் பந்தலுக்கடியில குனிஞ்சே நடப்பாரு. அவருக்குப் படி ஏறினா மூச்சு வாங்குது, சோறு தின்னா மூச்சு வாங்குது, பேசினா மூச்சு வாங்குது. இங்கன தூக்கிட்டு வந்ததும் நான் சொல்லிட்டேன். இது காச்சல் இல்லய்யா, விசம், கொழுந்தன் ஊத்துனதை என் கண்ணால பாத்தேன்னு. அதுக்கப்புறம்தான் ஒரு வழிக்கு வந்து வைத்தியம் பாத்தாக. நுரையீரல் கருகாம இருக்க அஞ்சு நாளா ஒரு ஊசி ஓடுது.

— அதுக்குக் கேக்குதா?

— முதல் ரெண்டு நாளு கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. காச்சல் விட்டுச்சு. “ஒச்சம்மா, கொஞ்சம் ரசஞ்சோறு குடு”ன்னு கேட்டாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. பெறகு எங்கேருந்து என்ன வந்துச்சோ, சரசரன்னு கீழ போயிட்டாரு. அந்தா, பொட்டியில பச்சையா ஒரு நம்பரு எரியுது பாரு. தொண்ணூத்தஞ்சு இருக்கணுமாம். நேத்து தொண்ணூறு. இன்னைக்கு விடிய எம்பத்தெட்டு. எனக்கு இங்கிலீசு தெரியாது ஈஸ்வரி. ஆனா கண்ணை மூடுனாலும் அந்த நம்பரு மட்டும் தெரியுது.

— இப்ப எம்பத்தேழுன்னு இருக்குக்கா.

— வாய மூடுடி!

— சரிக்கா.

— எம்பத்தேழா? நல்லாப் பாத்தியா? ஆத்தா, சுருளி மலைச்சாமி, என் தாலிய எடுத்துராதப்பா. மகன் திருப்பூர்லேர்ந்து வந்துக்கிட்டிருக்கான். அவன் வந்து சேர்ற வரைக்கும் கூட இந்த மனுசன் தாங்குவாரான்னு தெரியலயே.

— வேற டாக்டரு யாரும் பாக்கலயா?

— காலையில புதுசா ஒரு டாக்டரம்மா வந்துச்சு. குமுளிப் பக்கம்போல, பேச்சுல மலையாளம் அடிக்குது. இவரு வாயத் தெறக்கச் சொல்லி லைட்டு அடிச்சுப் பாத்துச்சு. களைமருந்து உள்ள போயிருந்தா வாயெல்லாம் வெந்து புண்ணாகியிருக்கணுமாம். கிட்னி கெட்டிருக்கணுமாம். ரெண்டும் நல்லா இருக்காம். இம்புட்டு நாள் கழிச்சு மூத்திரத்தைச் சோதிச்சாலும் விசம் தெரியாதாம். எங்கிட்ட வந்து, “சேச்சி, ஊத்துனதை நிஜமாப் பாத்தீங்களா”ன்னு கேக்குது. பாத்தேன்னேன். போயிட்டுத் திரும்பி வந்து மறுபடி கேக்குது. எம்புட்டுத் தடவைம்மா சொல்லன்னு சத்தம் போட்டுட்டேன்.

— பாத்தீகளாக்கா?

— இப்ப நீ ஒருத்தியா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்டி.

— கையெழுத்தைக் கேக்கலக்கா.

— சூடத்தை ஏத்தி அணைச்சுச் சத்தியம் பண்ணவா?

— பண்ணுங்க. சூடம் வேணாம். அந்தக் கண்ணாடியில கைய வச்சு, உள்ள கெடக்கிறவுக தலையில அடிச்சுச் சொல்லுங்க. நான் போயிருறேன்.

— அவரு சாகக் கெடக்கையில அவரு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?

— கோவப்படாதீக. அந்த டாக்டரம்மா வேற என்ன கேட்டாக?

— என்னென்னமோ கிறுக்குத்தனமா. புறா வளக்குறீகளா, வெளிநாடு போனாரா. வீட்டுல கைப்பிள்ளை இருக்கா, அதோட எச்சி இவரு வாயில படுமா, ஒரே தட்டுல திம்பாகளான்னு. எங்க வீட்டுல கோழிக்குஞ்சு கூடக் கிடையாது தாயி, மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏண்டி? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? ஈஸ்வரி! ஏய், அந்தப் பெஞ்சியில உக்காரு. விழுந்து கிழுந்து தொலைச்சிராத, அதுக்கும் நான்தான் காரணம்பாக.

— கைப்பிள்ளை எச்சியான்னு கேட்டாகளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா.

— அதான் சொல்றேனே. என்ன இப்ப?

— ஒண்ணுமில்ல. நான் வாறேன்க்கா.

— நில்லு. வந்ததுலேர்ந்து போடின்னா போகாதவ இப்ப எங்க ஓடுற? என்னமோ தெரிஞ்சிருக்கு ஒனக்கு. சொல்லிட்டுப் போ.

— எனக்கு ஒண்ணும் தெரியாது. கைய விடுங்கக்கா.

— விட மாட்டேன். கத்தி ஊரக் கூட்டுவேன்.

— சொன்னா என்னைய உசுரோட விட மாட்டீக.

— சொல்லாட்டியும் விட மாட்டேன். எம்பத்தேழுடி! அந்த நம்பரைப் பாரு, ஒன் கால்ல விழுகுறேன். ரெண்டு வருசமாப் பேசாதவ ஒன் கால்ல விழுகுறேன். என்ன தெரியும் ஒனக்கு?

— எந்திரிங்க. அய்யோ, எந்திரிங்கக்கா. சொல்லிருறேன். பெரியவுக எங்க வீட்டுக்கு வருவாக.

— எப்ப?

— தினமும். சாயந்தரம். வீட்டுக்குள்ள வர மாட்டாக. ரெண்டு பந்தலும் சேர்ற இடத்துல, போர் மோட்டார் ரூமுக்குப் பின்னால, கல்லுத்தூண்ல சாஞ்சு உக்காந்திருப்பாக. நான் சிட்டைக் கொண்டுபோய்க் குடுப்பேன். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு.

— ஒன் மகளையா?

— தன்ஷிகான்னு பேரு வச்சோம். அவுகதான் சிட்டுன்னு கூப்பிடுவாக.

— எங்கிட்ட டீக்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. தினமும். அடப்பாவி மனுசா! நான் பேசக் கூடாதுன்னு கோடு போட்ட வீட்டுப் பிள்ளைய மடியில வச்சிக்கிட்டா உக்காந்திருந்தாரு?

— பன்னீர்த் திராட்சையில விதை இருக்குமுல்ல. பிள்ளை முழுங்கிரும்னு ஒவ்வொண்ணா வாயில போட்டுக் கடிச்சு, விதையத் துப்பிட்டு, பாதியப் பிள்ளைக்கு ஊட்டுவாக. அது சும்மா இருக்குமா? வாயில மென்னதை எடுத்துத் திரும்ப அவுக வாயில திணிக்கும். திணிச்சிட்டுச் சிரிக்கும். அவுகளும் அதை அப்படியே தின்னுட்டு, “சிட்டு ஊட்டுனா கசப்பும் இனிக்குது”ம்பாக. அப்படியே ஒரு கொத்து காலியாகும்.

— போதும்டி. என் நெஞ்சு வெடிச்சிரும். எங்கிட்ட ஒரு நாளு சிரிச்சதில்லயே ரெண்டு வருசமா.

— சிட்டுக்குக் காது கேக்காதுக்கா.

— என்னது?

— ரெண்டு காதும். பொறவியிலேயே. பேச்சு வர நாளாகுதுன்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கோம். யாருக்கும் தெரியாது. முதல்ல கண்டுபிடிச்சதே பெரியவுகதான். பிள்ளை முதுகுக்குப் பின்னால மருந்து டிரம்மைத் தட்டியிருக்காக, அது திரும்பல. மறுபடி தட்டியிருக்காக, திரும்பல. அவுகதான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாக. இன்னைக்குக் கேம்ப்பு காது மிசின் வாங்கத்தான்.

— ஆத்தாடி.

— சிட்டு வயித்துல இருந்தப்ப, அஞ்சாம் மாசம் எனக்கு. நீங்க களத்துல நின்னு மூணு பிடி மண்ண வாரி என் வயித்தைப் பாத்துத் தூத்துனீக. “எங் காயெல்லாம் உதுந்த மாதிரி ஒன் வயித்துல இருக்கிறது வெளங்காமப் போகட்டும்”னீக.

— பங்கு மோட்டாரை ஒன் புருசன் நாலு நாளு நிறுத்துனானே! கவாத்து வெட்டி முடிச்ச பந்தல்டி. தண்ணி இல்லாம அம்புட்டுப் பிஞ்சும் உதுந்துச்சே. வயித்தெரிச்சல்ல சொன்னேன். பிள்ளைக்கா சொன்னேன்?

— மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சுன்னு அவுக சொன்னதை நீங்க நம்பல. சரி, அது போகட்டும். பிள்ளை பொறந்ததும் பொறக்காததுமா நான் அந்த மண்ணைத்தான் நினைச்சேன். காது கேக்கலன்னதும் அந்த மண்ணுதான் காதுக்குள்ள போய் அடைச்சிக்கிச்சுன்னு நினைச்சேன். பெரியவுககிட்டயே சொல்லி அழுதேன். அவுக என்ன சொன்னாக தெரியுமா? “ஒச்சம்மா போட்ட மண்ணை நான் கொஞ்சங் கொஞ்சமா அள்ளிருறேன்த்தா”ன்னாக. அதுக்குத்தான் தினமும் வந்தாக.

— என்னையக் கொன்னுபோடு ஈஸ்வரி. இங்கனயே கொன்னுபோடு.

— மதுரையில டாக்டரு மண்ணும் இல்ல, சாபமும் இல்லன்னாக. ஒரு வைரஸ்னாக. நான் மாசமா இருக்கையில எனக்குள்ள வந்து பிள்ளைக்கு ஏறியிருக்காம். எனக்கு அப்ப ஒரு சளி கூடப் பிடிக்கல. பிள்ளையோட எச்சியில, மூத்திரத்துல வருசக்கணக்கா இருக்குமாம். வளந்த ஆளுகளுக்கு ஒண்ணும் பண்ணாது, இருந்தாலும் கைய நல்லாக் கழுவுங்கன்னாக. ஒண்ணும் பண்ணாதுன்னுதான சொன்னாகன்னு நான் விட்டுட்டேன். பேப்பரு இந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு.

— அப்ப இவருக்கு வந்திருக்கிறது அதா?

— எனக்கு எப்படித் தெரியும்? அதுவா இருக்குமோன்னுதான் எந்திரிச்சு ஓடப் பாத்தேன்.

— குடு அந்தப் பேப்பரை. டாக்டரம்மாகிட்டக் குடுக்கணும். குடுடி!

— பொறுங்கக்கா.

— என்ன பொறுங்க?

— இதைக் குடுத்தா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? புருசன் விசம் வைக்கல, மக வச்சான்னு சொல்லும். ஊமைப் பிள்ளை பெரியப்பனைத் தின்னுருச்சும்பாக. நீங்களே சொல்லுவீக. ரெண்டு வயசு கூட முடியலக்கா அதுக்கு. இன்னும் ஒரு வார்த்தை காதுல விழுகல. முதமுதலா மிசின மாட்டி அது கேக்கப்போற வார்த்தை அதுவா இருக்கணுமா?

— நான் சொல்ல மாட்டேன்.

— நீங்க ஒரு தடவ சொன்னதே எங்களுக்குப் போதும்க்கா.

— சொல்ல மாட்டேன்டி. என் வாயில புழு வைக்கட்டும்.

— இன்னொண்ணும் கேட்டுக்கங்க. மருந்தடிக்கிற அன்னைக்கு எம் புருசன் ஒங்க கேன்கிட்ட நின்னது மெய்தான். அன்னைக்குப் பகல்லயே பெரியவுககிட்ட ஓடியிருந்த சிட்டைத் தூக்கிட்டுப் போகத்தான் வந்தாக. மருந்து கலக்கப்போறேன், பிள்ளை இங்கன இருக்க வேணாம், வந்து கூட்டிட்டுப் போடான்னு பெரியவுகதான் போன் பண்ணினாக. நீங்க குனிஞ்சு நுழையிறதைப் பாத்ததும், “ஓடுறா, அவ கண்ணுல பட்டா ரெண்டு பேருக்கும் சோறு கிடைக்காது”ன்னு சொன்னதும் அவுகதான். நீங்க எம் புருசன் முதுகைத்தான் பாத்திருக்கீக. முன்னால பிள்ளை இருந்துச்சு. ரெண்டு கையிலயும் பிள்ளை இருந்துச்சுக்கா. எந்தக் கையால ஊத்துனாக?

— ஈஸ்வரி...

— சொல்லுங்க. எந்தக் கையால?

— அந்தா, டாக்டரம்மா வருது.

— சேச்சி, இங்க வாங்க. வேகம் வாங்க. ஆக்சிஜன் இறங்கிட்டே போவுது. எம்பத்துநாலு. இனி மூச்சுக்குழாய்ல டியூப் போட்டு மெஷின்ல வைக்க வேண்டி வரும். கையெழுத்து வேணும். இவங்க ஆரு?

— எங் கொழுந்தன் சம்சாரம் தாயி. ஈஸ்வரி, குடு. ஒன் மக மேல ஆணையா ஒரு சொல்லு சொல்ல மாட்டேன், குடு.

— டாக்டர், இதை ஒரு தடவ பாருங்க. எம் பிள்ளை பேப்பரு. மூணாவது பக்கம்.

— இது குட்டிக்கு எடுத்ததா? சி.எம்.வி. பாசிட்டிவ். சைட்டோமெகலோ வைரஸ். பிறவியிலேயே. எச்சில்லயும் இருக்கு. இந்தக் குட்டிக்கும் அவருக்கும் என்ன பழக்கம்?

— ஒரு வருசமா தினமும் ஒரே பழத்தை மாத்தி மாத்திக் கடிச்சுத் தின்னிருக்காக.

— காலைல நான் கேட்டப்போ வீட்டுல குட்டியே இல்லன்னு சொன்னீங்க அல்லே?

— எனக்கே இப்பத்தான் தாயி தெரியும். அதுதானா? அதுதான் எம் புருசனுக்குமா?

— உறுதியாச் சொல்ல முடியாது. நம்ம ஊர்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குச் சின்ன வயசுலேயே இது வந்து, தெரியாமலே போயிருக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு நுரையீரல்ல இப்படி ஏறுறது ரொம்ப அபூர்வம். ஆனா ஏறும். பத்து நாள் காச்சல், சளி இல்லாத இருமல், எந்த மருந்துக்கும் கேக்காதது, ஸ்கேன்ல ரெண்டு பக்கமும் புகை மாதிரி. எனக்கு இது மேலதான் சந்தேகம். தெம்பான மனுசனுக்கு இது ஏன் வரணும்னுதான் தயங்கினேன்.

— குணப்படுத்த மருந்து இருக்கா டாக்டர்?

— இருக்கு. நரம்புல ஏத்துற மருந்து. இங்கயே இருக்கு. பிரச்சினை அதில்ல. நான் சொல்றதை ரெண்டு பேரும் சிரத்தையாக் கேளுங்க. அஞ்சு நாளா அவருக்கு ஓடுற ஊசி உடம்போட எதிர்ப்பு சக்திய அமுக்குற ஊசி. களைமருந்துன்னா அதை விடக் கூடாது, விட்டா நுரையீரல் போயிரும். வைரஸ்னா அதை ஒரு நிமிசம் கூட ஓட்டக் கூடாது. எதிர்ப்ப அமுக்கி அமுக்கி வைரஸுக்கு நாமளே கதவத் திறந்து விடறோம்.

— டெஸ்டு பண்ணலாமுல்ல?

— சாம்பிள் எடுத்து மதுரைக்கு அனுப்பணும். ரிசல்ட் வர ரெண்டு நாள். எம்பத்துநாலு சேச்சி. ரெண்டு நாள் இவரு தர மாட்டாரு. நான் இப்பவே ஒரு பக்கம் நிக்கணும்.

— டாக்டர், விசம் இல்ல. எம் புருசன் ஊத்தல. நம்புங்க.

— மோளே, நீங்க சொல்றதை வச்சு நான் முடிவெடுக்க முடியாது. உங்க புருசன் பேருல கேஸ் இருக்கு. கண்ணால பாத்தேன்னு சொன்னது இவங்க. இந்த அஞ்சு நாள் வைத்தியம் முழுக்க இவங்க சொன்ன அந்த ஒரு வார்த்தை மேலதான் நடந்துச்சு. பெரிய டாக்டர்கிட்ட நான் போய் ஊசிய நிறுத்தணும்னு சொன்னா, அவர் கேக்கப்போறதும் அதைத்தான்.

— என் வார்த்தை மேலயா?

— ஆமா சேச்சி. வேற எதுவும் விசம்னு சொல்லல. வாயி சொல்லல, கிட்னி சொல்லல. நீங்க மட்டும்தான் சொன்னீங்க.

— அந்த ஊசி போட்டப்ப ரசஞ்சோறு கேட்டாரே.

— அந்த ஊசி காச்சல மறைச்சிருக்கும். அவ்வளவுதான்.

— அக்கா, அழுகாதீக. பேசுங்க.

— நான் பொய் சொன்னேன்னா என்னையப் பிடிச்சு உள்ள வைப்பாகளா தாயி?

— அது எனக்குத் தெரியாது. எனக்கு அந்த நம்பர் மட்டும்தான் தெரியும். எம்பத்திரெண்டு. கடைசியா ஒரு தடவ கேக்குறேன் சேச்சி. உங்க கொழுந்தன் அந்தக் கேன்ல ஊத்துனதை நீங்க கண்ணால பாத்தீங்களா?

— அக்கா, பெரியவுக மூஞ்சியப் பாருங்க. கண்ணாடி வழியா இங்கிட்டுத்தான் பாக்காக.

— முதுகைத்தான் தாயி பாத்தேன்.